குடல் சொல்லி அனுப்பும் செய்தி

ஒருவருக்குச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மற்றொரு நாள், அதே மனிதருக்குச் சர்க்கரைக் கரைசலை ஊசியின் வழியாக இரத்தக் குழாயில் செலுத்துகிறோம். இரண்டு நாள்களிலும் இரத்தத்தில் சர்க்கரையின் அளவு ஒரே வகையாக ஏறி, ஒரே வகையாக இறங்கும்படி பார்த்துக்கொள்கிறோம். அப்படியானால், சர்க்கரையை அடக்குவதற்குக் கணையம் சுரக்கும் இன்சுலினும் இரு நாள்களிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும் அன்றோ? கணையம் அறிவது இரத்தத்தை மட்டுமே. அச்சர்க்கரை வாய்வழி வந்ததா, ஊசிவழி வந்ததா என்று அதற்கு எப்படித் தெரியும்?

தெரிகிறது என்பதுதான் வியப்பு. குடித்த சர்க்கரைக்குச் சுரக்கும் இன்சுலின், ஊசிவழிச் சென்ற சர்க்கரைக்குச் சுரப்பதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிலரிடம் அதற்கும் மேல். உணவு வந்துவிட்டது என்று குடல் முன்னரே கணையத்துக்குச் சொல்லி அனுப்புகிறது. அந்தத் தூதைக் கண்டுபிடிக்க அறிஞர்களுக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நடுவில் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம், அப்படி ஒரு தூது இல்லவே இல்லை என்று கருதி உலகம் அதை மறந்தும் இருந்தது. அந்த வரலாற்றைத்தான் நான் இன்று கூற விரும்புகிறேன்.

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால், குறுக்காகப் படுத்திருக்கும் ஓர் உறுப்பு. அதற்கு இரண்டு தொழில்கள் உண்டு. உணவைச் செரிக்கும் நீரைச் சிறு குழாய் வழியாகக் குடலுக்குள் விடுவது ஒன்று. இன்சுலின் முதலிய பொருள்களை நேரே இரத்தத்தில் கலப்பது மற்றொன்று. இரண்டாவது தொழிலைச் செய்பவை, கணையத்தில் தீவுகள்போல் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் உயிரணுத் திட்டுகள். 1869-இல் ஜெர்மானிய மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் அவற்றை முதன்முதலாகக் கண்டார். அவற்றின் தொழில் என்ன என்று அவருக்குத் தெரியாது. 1889-இல் மின்கோவ்ஸ்கி, மேரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். அந்த நாய்க்கு நீரிழிவு வந்தது. நீரிழிவுக்கும் கணையத்துக்கும் உள்ள உறவு அன்று வெளிப்பட்டது.

ஆனால் நம் கதை தொடங்குவது கணையத்தின் முதல் தொழிலில். உணவு குடலுக்கு வந்தவுடன் செரிமான நீர் சுரக்கிறதே, அதற்குக் கட்டளை இடுவது யார்? நரம்புகளே என்று ரஷ்ய நாட்டுப் பேரறிஞர் பாவ்லோவ் கூறினார். அவர் சொல்லுக்கு அக்காலத்தில் எதிர்ச்சொல் இல்லை. 1902-ஆம் ஆண்டு ஜனவரியில், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர் அதனைச் சோதித்துப் பார்த்தார்கள். இவர்கள் மைத்துனர்களும் ஆவர். பேலிஸ் ஸ்டார்லிங்கின் தங்கையை மணந்தவர். மயக்க மருந்து கொடுத்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குச் செல்லும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, அதற்குள் சிறிது அமிலத்தை விட்டார்கள். நரம்பு இல்லை, எனவே கணையம் சும்மா இருக்க வேண்டும். இருக்கவில்லை, நீர் சுரந்தது.

அப்படியானால் செய்தி இரத்தத்தின் வழியாகத்தான் போகிறது என்று ஸ்டார்லிங் உடனே உணர்ந்தார். குடலின் உட்சவ்வைச் சுரண்டி எடுத்து, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றை நாயின் கழுத்துச் சிரையில் செலுத்தினார். சிறிது நேரத்தில் கணையநீர் சொட்டத் தொடங்கியது. அம்மியில் அரைப்பதுபோன்ற இந்த எளிய வேலையில் பிறந்ததுதான் ‘செக்ரிட்டின்’ என்னும் பொருள். 1905-இல் இத்தகைய தூதுப்பொருள்களுக்கு எல்லாம் பொதுப்பெயராக ‘ஹார்மோன்’ என்ற சொல்லை ஸ்டார்லிங் வழங்கினார். தூண்டி எழுப்புதல் என்பது அதன் கிரேக்க மூலத்தின் பொருள். தமிழில் அதனை ‘இயக்குநீர்’ என்றும் வழங்குவர்.

பாவ்லோவின் ஆய்வுக்கூடத்திலும் இந்தச் சோதனை திரும்பச் செய்யப்பட்டது. அவர் அருகிலிருந்து பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் தம் அறைக்குள் சென்று, சற்று நேரம் கழித்து வெளியே வந்து, அவர்கள் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டதாக அவருடைய மாணவர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். 1904-இல் பாவ்லோவுக்குக் கிடைத்த நோபெல் பரிசைவிட, அந்த அரைமணி நேர மௌனமே அவருடைய பெருமையை எனக்கு உணர்த்துகிறது.

குடல் தரும் ஒரு பொருள், கணையத்தின் முதல் தொழிலைத் தூண்டுகிறது. அப்படியிருக்க, இரண்டாவது தொழிலையும் அது தூண்டலாகாதா? இந்தக் கேள்வி நான்கே ஆண்டுகளில் எழுந்துவிட்டது. 1906-இல், லிவர்ப்பூல் நகரில் பெஞ்சமின் மூர் என்னும் பேராசிரியரும் அவருடைய தோழர்களும், முன்சிறுகுடலின் சவ்விலிருந்து எடுத்த சாற்றை நீரிழிவு நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இன்சுலின் என்ற பொருளே கண்டுபிடிக்கப்படாத காலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சிறிது பயன் தெரிந்தது என்றார்கள். பிறர் செய்து பார்த்தபோது அந்தப் பயன் தெரியவில்லை. இத்தகைய பொருள்கள் புரதத்தின் இனத்தைச் சேர்ந்தவை. வாய்வழிக் கொடுத்தால், நாம் உண்ணும் பருப்பைப்போல அவையும் செரித்துப் போகும். மூரின் கேள்வி சரியானது, வழிதான் அடைபட்டிருந்தது.

பின்னர் 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகிய இருவர் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. சாவின் வாயிலில் கிடந்த பிள்ளை பிழைத்தான். அதன்பின் குடற்சாற்றைப் பற்றி யார் நினைப்பார்கள்? நினைத்தவர் ஒருவர் உண்டு. பெல்ஜிய நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரத்தவரான ழான் லா பார் என்பவர் அவர். குடற்சாற்றில் இரண்டு கூறுகள் உள்ளன என்றும், அவற்றுள் ஒன்று கணையத்தின் உட்சுரப்பைத் தூண்டி இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது என்றும் அவர் கூறினார். 1932-இல் அதற்கு ‘இன்கிரிட்டின்’ என்று பெயரும் இட்டார். நீரிழிவுக்கு அது மருந்தாகலாம் என்றும் எழுதினார்.

இங்கேதான் வரலாறு ஒரு திருப்பத்தை அடைகிறது. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஆண்ட்ரூ ஐவி என்னும் பெரிய உடலியல் அறிஞர் இருந்தார். பித்தப்பையைச் சுருங்கச் செய்யும் குடல் ஹார்மோன் ஒன்றை 1928-இல் கண்டறிந்தவர் அவரே. அவரும் அவருடைய துணைவர்களும் லா பார் கூறியதைச் சோதித்துப் பார்த்து, 1940-ஆம் ஆண்டையொட்டிச் சில கட்டுரைகள் வெளியிட்டார்கள். தாங்கள் எடுத்த குடற்சாறு நாய்களின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கவில்லை. எனவே அப்படி ஒரு ஹார்மோன் இருப்பது ஐயத்துக்குரியது என்பது அவர்கள் முடிபு. குடல் ஹார்மோன்களை நன்கு அறிந்த ஒருவரே இப்படிச் சொன்னபிறகு, மற்றவர்கள் அதைத் தொடவில்லை. அடுத்து உலகப் போரும் வந்தது. கேள்வி உறங்கிவிட்டது.

ஐவியைக் குறை கூறுவது எளிது, நான் கூறமாட்டேன். அவர் நேர்மையாகச் செய்தார், கண்டதையே எழுதினார். ஆனால் அவரிடம் தக்க அளவுகோல் இல்லை. இரத்தத்தில் இருக்கும் இன்சுலினை நேராக அளக்க அன்று எவராலும் இயலாது. சர்க்கரை குறைந்தால் இன்சுலின் கூடியது என்று ஊகிக்க வேண்டியதுதான். அது மட்டுமன்று. இந்தக் குடல் தூது ஒரு விந்தையான குணம் உடையது. இரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கும்போதுதான் அது இன்சுலினைத் தூண்டும். குறைவாக இருக்கும்போது அது பேசாமல் இருந்துவிடும். ஆகவே வெறும் வயிற்றில் இருக்கும் உடலில் அதன் வேலையைக் காண முடியாது. பிற்காலத்தில் நோயாளிகளுக்குப் பெரும் பாதுகாப்பாக அமைந்த இந்தக் குணமே, முற்காலத்தில் ஆராய்ச்சியாளரின் கண்ணை மறைத்தது.

இன்சுலினை அளக்கும் கோல், நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் பிறந்தது. அங்கே ரோசலின் யாலோ என்ற இயற்பியல் அறிஞரும் சாலமன் பெர்சன் என்ற மருத்துவரும் சேர்ந்து உழைத்தார்கள். ஊசிவழி இன்சுலின் பெறுபவர்களின் உடலில் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாகிறது என்று அவர்கள் 1950-களின் நடுவில் எழுதியபோது, அக்கட்டுரையை ஓர் இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. அந்த மறுப்புக் கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்து, 1977-இல் நோபெல் பரிசு பெற்றபோது தம் உரையில் உலகுக்கே காட்டினார்! எதிர்ப்பொருளையும், கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினையும் கொண்டு, இரத்தத்திலுள்ள மிக நுண்ணிய இன்சுலின் அளவையும் அறியும் முறையை 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் அவ்விருவரும் வெளியிட்டார்கள். அதற்குக் காப்புரிமை பெற அவர்கள் விரும்பவில்லை. பெர்சன் 1972-இலேயே காலமாகிவிட்டதால் பரிசில் அவருக்குப் பங்கு கிடைக்கவில்லை.

கோல் கிடைத்தவுடன் உண்மை தானாகவே வெளிவந்தது. 1964-இல் இலண்டனில் நீல் மக்கின்டயரும் அவர் குழுவினரும், சர்க்கரையைக் குழாய் வழியாகச் சிறுகுடலுக்குள் விட்டுப் பார்த்தார்கள்; பிறகு இரத்தக் குழாயில் விட்டுப் பார்த்தார்கள். குடலுக்குள் விட்டபோது இரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறிற்று. ஆனால் இன்சுலின் மிகுதியாக ஏறிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவிலும் எல்ரிக் என்பவரும் அவர் தோழர்களும் அவ்வாறே கண்டார்கள். 1967-இல் பெர்லி, கிப்னிஸ் என்னும் இருவர், நான் தொடக்கத்தில் கூறிய சோதனையைச் செய்து, உணவுச் சர்க்கரைக்குச் சுரக்கும் இன்சுலினில் பாதிக்கு மேற்பட்டது குடலின் தூண்டுதலால் வருவது என்று காட்டினார்கள். லா பார் இட்ட பெயர் உயிர்பெற்று எழுந்தது.

தூது உண்டு, ஆனால் தூதர் யார்? முதல் தூதர் பன்றிக் குடலிலிருந்து வந்தார். சுவீடனில் விக்டர் மூட் என்பவர், இறைச்சிக் கூடங்களிலிருந்து பன்றிக் குடல்களைப் பெரும் அளவில் பெற்று, அவற்றிலிருந்து ஹார்மோன்களைத் தூய்மையாகப் பிரிப்பதில் கைதேர்ந்தவர். கனடாவைச் சேர்ந்த ஜான் பிரௌன் அவரோடு சேர்ந்து, 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இரைப்பையின் அமிலச் சுரப்பை அடக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் பெயர்ச் சுருக்கம் ஜி.ஐ.பி. என்பது, 42 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. 1973-இல் டூப்ரே என்பவரும் பிரௌனும் மனிதரிடம் சோதித்தபோது, சர்க்கரையோடு சேர்ந்து இதனைச் செலுத்தினால் இன்சுலின் நன்றாகப் பெருகுவதைக் கண்டார்கள். இரைப்பையை அடக்குவது என்ற பழைய பெயருக்குப் பதிலாக, சர்க்கரை உள்ளபோது இன்சுலினைத் தூண்டுவது என்று பொருள்படும் புதுப்பெயரை அதே எழுத்துகளுக்குள் அடக்கிக்கொண்டார்கள். பெயர் மாற்றத்திலும் சிக்கனம்!

ஆனால் ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. நடுவயதுக்குப் பின் பெரும்பாலும் வரும் இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களிடம் ஜி.ஐ.பி. வேலை செய்யவில்லை; செய்தாலும் மிகக் குறைவு. மேலும், 1983-இல் ஜெர்மனியின் கேட்டிங்கனில் குடற்சாற்றிலிருந்து ஜி.ஐ.பி.யை முற்றிலும் நீக்கிவிட்டுப் பார்த்தபோதும், மிஞ்சிய சாறு இன்சுலினைத் தூண்டியது. ஆகவே இரண்டாவது தூதர் ஒருவர் ஒளிந்திருக்கிறார் என்பது உறுதியாயிற்று.

அவரைக் காட்டிக்கொடுத்தது ஒரு கடல்மீன். பாஸ்டன் நகரில் ஜோயல் ஹேபனர் என்பவர், இன்சுலினுக்கு எதிர்வேலை செய்யும் குளுக்ககான் என்ற ஹார்மோனை ஆராய்ந்துவந்தார். தூண்டில்மீன் எனத்தக்க ஒரு வகை மீனில், கணையத் தீவுகள் தனி உறுப்பாகவே திரண்டிருக்கும், எடுப்பது எளிது. அம்மீனின் மரபணுவை 1982-இல் படித்தபோது, குளுக்ககானுக்குப் பக்கத்திலேயே அதை ஒத்த மற்றொரு சங்கிலியும் எழுதப்பட்டிருந்தது. மறு ஆண்டில் கிரேம் பெல் என்பவரின் குழு வெள்ளெலியிலும் மனிதரிலும் அந்த மரபணுவைப் படித்தது. அங்கே ஒன்றன்று, இரண்டு சங்கிலிகள் இருந்தன. முதலாவதற்கு ஜி.எல்.பி.-1 என்று பெயர் வந்தது.

இதன் நீளம் 37 கண்ணிகள் என்று தோன்றியது. அந்த நீளத்தில் அதைச் செய்து பார்த்தால், இன்சுலினை அது எழுப்பவில்லை. ஐவியின் கதை திரும்பவும் நடந்திருக்கலாம். நடவாமல் காத்தவர்களுள் ஒருவர் ஸ்வெத்லானா மோய்சோவ் என்னும் பெண்மணி. யூகோஸ்லாவியாவிலிருந்து அமெரிக்கா வந்து, புரதச் சங்கிலிகளைக் கண்ணி கண்ணியாகக் கோக்கும் கலையை மெரிஃபீல்டு என்ற மேதையின் கூடத்தில் கற்றவர். முதல் ஆறு கண்ணிகள் வேண்டாதவை. அவை குடலிலேயே வெட்டுண்டு போகும். ஏழாவதிலிருந்து தொடங்குவதே உண்மையான ஹார்மோன் என்று அவர் கருதினார். அந்தக் குறுகிய சங்கிலியைச் செய்து எலியின் கணையத்தில் செலுத்தியபோது, மிகமிக நீர்த்த அளவிலும் அது இன்சுலினைப் பெருகச் செய்தது. இது 1987-இல் வெளிவந்தது. அதே காலத்தில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் யென்ஸ் ஹோல்ஸ்ட் என்பவர், பன்றிக் குடலை ஆராய்ந்து, தனி வழியில் அதே முடிவுக்கு வந்தார். ஹேபனரின் கூடத்தில் பணியாற்றிய டேனியல் டிரக்கரும் அவ்வாறே காட்டினார்.

மோய்சோவின் பெயர் முதலில் காப்புரிமைகளில் இல்லை. அவர் பல ஆண்டுகள் போராடித்தான் அதைச் சேர்க்க வைத்தார். 2021-இல் இக்கண்டுபிடிப்புக்காகக் கனடாவின் கேர்ட்னர் பரிசு ஹேபனர், ஹோல்ஸ்ட், டிரக்கர் ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டபோதும் அவர் பெயர் இல்லை. 2024-இல் லாஸ்கர் பரிசு வழங்கியோர் அவரையும் சேர்த்தார்கள். முப்பத்தேழு ஆண்டுகள் தாமதம்! கல்லூரியில் பயிலும் பெண்கள் இந்தச் செய்தியைச் சற்று நின்று கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த இரண்டாவது தூதர், முதல் தூதரைவிட வல்லவர். இன்சுலினைத் தூண்டுவதோடு குளுக்ககானை அடக்குகிறார். உணவு இரைப்பையை விட்டு இறங்குவதை மெதுவாக்குகிறார். போதும் என்ற உணர்வை மூளைக்கு ஊட்டுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாம் வகை நீரிழிவுக்காரரின் கணையமும் இவர் சொல்லைக் கேட்கிறது. 1993-இல் ஜெர்மனியில் மைக்கேல் நவுக் என்பவர் இதனை அத்தகைய நோயாளிகளின் சிரையில் தொடர்ந்து செலுத்தினார். ஏறியிருந்த சர்க்கரை சில மணி நேரத்தில் இயல்பான அளவுக்கு இறங்கியது. அங்கேயே நின்றும் விட்டது. அபாயகரமாகத் தாழ்ந்து போகவில்லை. இன்சுலின் ஊசியில் எப்போதும் உள்ள அச்சம், சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வந்துவிடுமோ என்பதே. இங்கே அந்த அச்சம் மிகக் குறைவு. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: இளமையிலேயே தீவு அணுக்கள் அழிந்து வரும் முதல் வகை நீரிழிவில், தூதைக் கேட்பதற்கே ஆள் இல்லை; அங்கே இன்சுலின்தான் உயிர்.

ஆயினும் மருந்தாக்குவதில் ஒரு பெருந்தடை இருந்தது. இரத்தத்தில் கலந்த ஓரிரு நிமிடங்களிலேயே இந்த ஹார்மோன் சிதைக்கப்படுகிறது. டி.பி.பி.-4 என்னும் நொதி அதன் தலைப்பக்கத்தில் இரண்டு கண்ணிகளை நறுக்கி விடுகிறது. ஓரிரு நிமிடம் வாழும் பொருளை நோயாளிக்கு எப்படிக் கொடுப்பது? விடை, பாலைவனத்தில் வாழும் ஒரு பல்லியின் வாயில் இருந்தது. அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிக்கோவிலும் வாழும் ‘கிலா’ என்னும் நச்சுப்பல்லி, ஆண்டில் சில முறையே உண்டு வாழக் கூடியது. ஜான் எங் என்ற மருத்துவர் அதன் நஞ்சில் புது ஹார்மோன்களைத் தேடி, 1992-இல் 39 கண்ணிகள் கொண்ட ஒரு பொருளைக் கண்டார். அது நம் ஜி.எல்.பி.-1-ஐப் பாதிக்கு மேல் ஒத்திருந்தது. அதன் வேலையையும் செய்தது. ஆனால் அந்த நொதியின் கத்திக்கு எளிதில் மசியவில்லை. எங் பணியாற்றிய இடம் எது தெரியுமா? யாலோவும் பெர்சனும் இன்சுலினை அளந்த அதே பிராங்ஸ் மருத்துவமனைதான்.

பல்லியின் பொருளை ஒட்டிச் செய்யப்பட்ட எக்ஸெனடைடு என்னும் மருந்து 2005-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மறு ஆண்டில் அந்த நொதியையே தடுத்து, உடல் தானே சுரக்கும் தூதரின் ஆயுளை நீட்டும் மாத்திரை வந்தது. டென்மார்க்கில் லொட்டே பியர்ரே நூட்சன் என்ற பெண் அறிஞரும் அவர் குழுவும் வேறொரு வழி கண்டார்கள். ஹார்மோனோடு ஒரு கொழுப்பு அமிலத்தைப் பிணைத்தால், அது இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் பயணம் செய்யும். நாளுக்கு ஒருமுறை செலுத்தும் லிராகுளுடைடும், 2017-இல் வாரத்துக்கு ஒருமுறை செலுத்தும் செமாகுளுடைடும் இவ்வாறு வந்தவை. பசி குறைவதால் உடல் எடையும் குறைகிறது. அதனால் நோயில்லாதவர்களும் எடைக்காக இவற்றை நாடத் தொடங்கினார்கள். குமட்டல், வாந்தி முதலிய தொல்லைகளும் இவற்றோடு உண்டு. மருத்துவர் கண்காணிப்பு இன்றி எடுக்கத்தக்கவை அல்ல.

முதல் தூதர் ஜி.ஐ.பி. என்ன ஆனார்? நீரிழிவில் பயனற்றவர் என்று அவரைப் பெரும்பாலோர் கைவிட்டிருந்தனர். 2022-இல் ஒப்புதல் பெற்ற டிர்செப்படைடு என்ற மருந்து, இரு தூதர்களின் குரலிலும் ஒருங்கே பேசுவது. சர்க்கரையையும் எடையையும் குறைப்பதில் ஒற்றைத் தூதரின் மருந்தை அது விஞ்சியது. அதற்குள் வேறு சில ஆராய்ச்சியாளர்கள் இதற்கு நேர்மாறான வழியில் இறங்கினார்கள். ஜி.ஐ.பி.யின் குரலை அடைத்துவிட்டு, ஜி.எல்.பி.-1-இன் குரலை மட்டும் எழுப்பும் மருந்தொன்றை அவர்கள் செய்தார்கள். 2024-இல் வெளிவந்த அதன் தொடக்கச் சோதனையில் அதனாலும் எடை குறைந்தது. பேசச் செய்தாலும் பயன், வாயை அடைத்தாலும் பயன் என்றால் அது எப்படிப்பட்ட தூதர் என்பது பற்றி ஆய்வுக்கூடங்களில் வாதம் நடந்துகொண்டிருக்கிறது.